மறந்தால் சாகிறவள்

(திரைப்பட ஆர்வலர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மெர்லின் என்றதும் உங்களுக்கு என்ன உருவம் தோன்றுகிறது? இடுப்புவரை தொங்கும் வெண்தாடி, நட்சத்திரம் தைத்த கூர்த்தொப்பி, கணுக்காலைத் தொடும் அங்கி. அந்தக் கிழவர் அவ்வளவு பழையவர் அல்லர். டி. எச். ஒயிட் 1938இல் எழுதிய 'கல்லில் இருந்த வாள்' நாவலும், அதை வைத்து டிஸ்னி 1963இல் எடுத்த கார்ட்டூன் படமும்தான் அவரை உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. இடைக்கால ஏட்டில் மெர்லின் என்ற பெயரோடு முதலில் வருபவன் ஒரு சிறுவன். ஊர் வாசலில் இன்னொரு பையனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். அப்பன் யாரென்று தெரியாதவன் என்று அந்தப் பையன் ஏசுவது, அந்தப் பக்கமாக வந்திருந்த அரசாங்க ஆட்களின் காதில் விழுகிறது. அவர்கள் தேடி வந்ததே அப்படி ஒருவனைத்தான். எதற்கு? கொல்வதற்கு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்தச் சிறுவன் வளர்ந்து நடமாடுகிற ஒரு தொலைக்காட்சிப் படம். பெயர் 'மெர்லின்'. 1998 ஏப்ரல் 26, 27 ஆகிய இரண்டு இரவுகளில் அமெரிக்காவின் என்.பி.சி. அதை ஒளிபரப்பியது. மெர்லினாக சாம் நீல். எதிரி மாபாக மிராண்டா ரிச்சர்ட்சன். இந்தப் படம் குழந்தைகளுக்கான மாயாஜாலப் படம் என்று ஒதுக்கப்படுவதுண்டு. அதில் வரும் டிராகனைப் பற்றி மட்டும் பேசுவதானால் ஒதுக்கிவிடலாம். ஆனால் 800 ஆண்டுகளாகக் கைமாறி வந்த கதையில் இந்தப் படம் ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தது. அந்த ஒரு மாற்றத்தால் கதையின் நியாயமே புரண்டுவிட்டது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் தயாரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஹால்மார்க் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் ராபர்ட் ஹால்மி புடாபெஸ்டில் பிறந்தவர். அமெரிக்காவுக்கு வந்து 'லைஃப்' பத்திரிகைக்குப் புகைப்படம் எடுத்தவர். பிறகு தயாரிப்பாளர் ஆனார். எல்லோரும் பெயர் அறிந்த, ஆனால் பலரும் படிக்காத பெரிய கதைகளை எடுத்து, பெரிய நடிகர்களைப் போட்டு, இரண்டு இரவில் முடிகிற படமாகக் கொடுத்தால் வீடே உட்கார்ந்து பார்க்கும் என்பது அவர் கணக்கு. 1996இல் 'கலிவரின் பயணங்கள்', 1997இல் 'ஒடிசி', அடுத்த ஆண்டு 'மெர்லின்'. கணக்கு பலித்தது. 'மெர்லின்' 15 எம்மி விருதுப் பரிந்துரைகளைப் பெற்று நான்கை வென்றது. இயக்கியவர் ஸ்டீவ் பாரன். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டுக்கும், ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மி' பாட்டுக்கும் காணொளி எடுத்தவர். பென்சில் சித்திரத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு வந்து ஒரு பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போகுமே, அது இவர் வேலை. ஒரு உலகத்திலிருந்து மறு உலகத்துக்கு ஒரே எட்டில் தாண்டுவது அவருக்குப் பழகிய வித்தை. மாபின் பாதாள நாட்டுக் காட்சிகளில் அந்தக் கை தெரிகிறது.

நடிகர் பட்டியலைச் சொன்னால் இன்று மலைப்பாக இருக்கும். ரட்கர் ஹாவர், ஹெலினா பான்ஹம் கார்ட்டர், இசபெல்லா ரோசெலினி, மார்ட்டின் ஷார்ட், லீனா ஹெடி. மலையரசன் என்ற கல் மனிதனுக்கு ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் குரல். தொண்ணூறைத் தாண்டிய ஜான் கீல்குட் கான்ஸ்டன்ட் அரசனாகச் சிறிது நேரம் வந்து செத்துப்போகிறார்.

இனி ஏட்டுக்கு வருவோம்.

அந்தச் சிறுவனின் கதையை எழுதியவர் மான்மத் ஊர் ஜெஃப்ரி. சுமார் 1136இல் அவர் லத்தீனில் முடித்த 'பிரிட்டன் அரசர்களின் வரலாறு' அந்தக் காலத்தில் கைப்பிரதியாகவே ஐரோப்பா முழுவதும் பரவியது. வோர்ட்டிகன் என்ற அரசன் மலைமேல் ஒரு கோபுரம் கட்டுகிறான். பகலில் கட்டியதை மறுநாள் மண் விழுங்கிவிடுகிறது. அரண்மனை மந்திரவாதிகள், தந்தையில்லாமல் பிறந்த ஒரு பையனின் ரத்தத்தைச் சாந்திலும் கல்லிலும் தெளித்தால்தான் நிற்கும் என்கிறார்கள். கட்டடம் நிற்கப் பலி கேட்கும் என்ற நம்பிக்கை நமக்கும் புதிதல்ல. பாலம் கட்டப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். கார்மார்த்தன் ஊரிலிருந்து மெர்லினையும் அவன் தாயையும் பிடித்துவருகிறார்கள். தாய் ஒரு கன்னியாஸ்திரி. அறைக்குள் அழகான ஓர் இளைஞன் தோன்றித் தோன்றி மறைவான், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்கிறாள்.

பையன் அழவில்லை. மந்திரவாதிகளைப் பார்த்து, அடித்தளத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கிறான். அவர்களிடம் பதில் இல்லை. தோண்டச் சொல்கிறான். குளம் இருக்கிறது. நீரை வடிக்கச் சொல்கிறான். அடியில் இரண்டு கற்கள், கற்களுக்குள் இரண்டு டிராகன்கள், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் எழுந்து சண்டையிடுகின்றன. சிவப்பு பிரித்தானியர்கள், வெள்ளை சாக்சன்கள் என்கிறான் பையன். வேல்சு நாட்டுக் கொடியில் இன்றைக்கும் இருப்பது அந்தச் சிவப்பு டிராகன்.

ஜெஃப்ரி இதைத் தானே கற்பனை செய்யவில்லை. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, நென்னியஸ் பெயரில் வழங்கும் ஒரு நூலில் இதே கதை இருக்கிறது. அங்கே பையனின் பெயர் அம்புரோசியஸ். ஜெஃப்ரி செய்தது என்னவென்றால், வேல்சுப் பாடல்களில் வாழ்ந்த மிர்தின் என்ற இன்னொருவனைக் கொண்டுவந்து இந்தப் பையனோடு ஒட்டியது. மிர்தின் அரசவை ஆள் அல்லன். 573இல் அர்ஃப்டெரித் என்ற இடத்தில் நடந்த போரில் தன் தலைவனைப் பறிகொடுத்துப் பித்துப் பிடித்துக் காட்டுக்கு ஓடியவன். ஆப்பிள் மரத்தோடும் பன்றிக்குட்டியோடும் பேசிக்கொண்டு வருங்காலம் சொன்னவன். கோபுரத்தடியில் நின்ற பையனுக்கும் காட்டில் அலைந்த பித்தனுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் தூரம். ஜெஃப்ரிக்கு அது ஒரு தடையே இல்லை. அவர் வாழ்ந்த நூற்றாண்டிலேயே இதைப் பிடித்தவர்கள் உண்டு. அதே நூற்றாண்டின் இறுதியில் நியூபர்க் ஊர் வில்லியம் என்ற துறவி, ஜெஃப்ரி எழுதியதெல்லாம் பொய் மூட்டை என்று கடுமையாகவே எழுதினார். யார் கேட்டார்கள்? மெர்லினின் பெயரில் வந்த வருங்காலக் கூற்றுகளை அரசர்களும் கலகக்காரர்களும் பின்னும் பல நூற்றாண்டுகள் தங்களுக்கு வேண்டியபடி விரித்துக்கொண்டார்கள்.

படத்தில் ரட்கர் ஹாவர்தான் வோர்ட்டிகன். இடியும் கோட்டை, தந்தையில்லாதவனைத் தேடும் ஆட்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மெர்லினை வளர்க்கும் பெண்ணின் பெயர் அம்புரோசியா. நென்னியஸின் பையனை அறிந்தவர்களுக்கு அங்கே ஒரு புன்னகை வரும். கதை எழுதியவர் எட்வர்ட் கமாரா, திரைக்கதை டேவிட் ஸ்டீவன்ஸ், பீட்டர் பார்ன்ஸ். இவர்கள் பழைய ஏடுகளைத் தெரிந்துகொண்டுதான் மாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அவர்கள் மாற்றியது ஜெஃப்ரியை அல்ல, ஜெஃப்ரிக்குப் பின் வந்தவரை. சுமார் 1200இல் ராபர்ட் த போரோன் என்ற பிரெஞ்சுக் கவிஞர் மெர்லினின் பிறப்பை மறுபடி எழுதினார். கதை நரகத்தில் தொடங்குகிறது. ஏசு இறந்து நரகத்துக்குள் இறங்கி அங்கிருந்த நல்லவர்களை மீட்டுக்கொண்டு போய்விட்டார். சாத்தான்கள் கூடிப் பேசுகிறார்கள். இனி நமக்கும் மனிதப் பிறப்பில் ஒருவன் வேண்டும், மக்களை நம் பக்கம் இழுக்க. ஒரு நல்ல குடும்பத்தைக் குறிவைத்து ஒவ்வொருவராக அழித்து, மிஞ்சிய மகளிடம் வருகிறார்கள். அவள் ஒரு நாள் கோபத்தில், சிலுவைக்குறி இட்டுக்கொள்ள மறந்து தூங்கிப்போகிறாள். அது போதும். ஆனால் பிளேஸ் என்ற பாதிரியார் அவளுக்குத் துணை நிற்கிறார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடைக்கிறது. சாத்தானின் திட்டம் பாதியில் முறிகிறது. நடந்ததையெல்லாம் அறியும் அறிவு தகப்பன் வழி வந்தது; நடக்கப்போவதை அறியும் அறிவைக் கடவுள் கொடுக்கிறார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு வழக்கு. தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளையைப் பெற்றவளை எரிக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். கைக்குழந்தை மெர்லின் வாய் திறந்து வாதாடுகிறான். என் தாயை எரிப்பதானால் உன் தாயையும் எரிக்க வேண்டும், ஏனென்றால் உன் தகப்பன் நீ நினைத்துக்கொண்டிருப்பவர் அல்ல, இந்த ஊர்ப் பாதிரி என்று நீதிபதியிடம் சொல்கிறான். நீதிபதியின் தாயை வரவழைக்கிறார்கள். அவள் முதலில் மறுக்கிறாள், பின்பு ஒப்புக்கொள்கிறாள். வழக்கு அதோடு முடிந்தது. 13ஆம் நூற்றாண்டு வாசகர்கள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருப்பார்கள். 1998ஆம் ஆண்டுப் படத்தில் இது இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தோடு பார்க்கிற படத்தில் பாதிரியாரை அந்த இடத்தில் வைக்கத் தயங்கினார்களோ என்னவோ. எனக்கு அது நஷ்டம்தான்.

இப்போது படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். நரகத்துக் கூட்டம் இல்லை. சாத்தானே இல்லை. அந்த இடத்தில் மாப் இருக்கிறாள். பழைய வழியின் அரசி. கிறித்தவம் பரவப் பரவ மக்கள் அவளை மறந்துகொண்டிருக்கிறார்கள். மறந்தால் அவள் அழிவாள். அதனால் மக்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு தலைவனைப் படைக்கிறாள். எலிசா என்ற பெண்ணின் வயிற்றில் தந்தையில்லாமல் மெர்லின் பிறக்கிறான். ராபர்ட்டின் கதையும் இதுவும் எலும்புக்கு எலும்பு ஒன்று. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு தரப்பு, மனிதப் பிறப்பில் ஒரு கருவி, அந்தக் கருவி தன்னைப் படைத்தவர்களுக்கு எதிராகத் திரும்புவது. மாறியது ஒன்றுதான். சாத்தானுக்குத் தன் தரப்பில் சொல்ல ஒன்றும் கிடையாது. மாபுக்கு உண்டு. நான் சாகப் போகிறேன் என்கிறாள் அவள். அதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மாப், ஆர்தர் அரசன் கதைகளில் எங்கும் இல்லாதவள். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோவும் ஜூலியட்டும்' நாடகத்தில் மெர்குஷியோ வர்ணிக்கும் தேவதை அவள். விரல் மோதிரக் கல்லளவு உருவம், தூங்குகிறவர்களின் மூக்கின் மேல் வண்டி ஓட்டிக் கனவுகளைக் கொடுப்பவள். அந்தக் கொசுவளவு ஆளைப் பிடித்துவந்து கறுப்பு உடை உடுத்தி ஒரு மதத்தின் கடைசி அரசியாக ஆக்கியது துணிச்சல். அதை நம்பவைத்தது மிராண்டா ரிச்சர்ட்சனின் குரல். அவர் கத்துவதே அபூர்வம். காற்றும் சீறலும் கலந்து, தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து வரும் ஒரு கிசுகிசுப்பு. சில வசனங்கள் புரியாமலே போகின்றன, கெடுதி ஒன்றுமில்லை. மாபின் சகோதரியான ஏரிச் சீமாட்டியாகவும் அவரே வருகிறார், வெள்ளையும் நீலமுமாக, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறவராக.

எலிசா பிரசவத்தில் இறக்கிறாள். அவளைக் காப்பாற்ற மாப் விரலைக்கூட அசைக்கவில்லை. முன்பு மாபைப் பின்பற்றி, பிறகு கிறித்தவளான அம்புரோசியாதான் குழந்தையை வளர்க்கிறாள். வளர்ந்த பின் மாப் அவனைத் தன் நாட்டுக்கு வரவழைத்து வித்தை கற்றுக்கொடுக்கிறாள். வாத்தியார் ஃபிரிக் என்ற குள்ள வேலைக்காரன், மார்ட்டின் ஷார்ட். வித்தையில் மூன்று படி: வாயால் மந்திரம் சொல்பவன், கையசைத்துச் செய்பவன், நினைத்தாலே செய்பவன். மெர்லின் இரண்டாம் படியோடு ஓடிவந்துவிடுகிறான். அந்த அரைகுறைப் படிப்போடுதான் கடைசிவரை மாபை எதிர்க்கிறான். திரும்பி வரும்போது அம்புரோசியாவும் மாபால் சாகிறாள். இனி மாபை ஒழிக்க மட்டுமே வித்தையைத் தொடுவேன் என்று சபதம் செய்கிறான். இரண்டு தாய்களை இழந்த ஒருவன், தன்னைப் படைத்த மூன்றாவது தாயோடு போடும் சண்டை இது. ஆர்தர், குதிரைவீரர்கள், வட்ட மேசை எல்லாம் அந்தச் சண்டையின் ஓரத்தில்தான் நடக்கின்றன. படத்தின் இரண்டாம் பாதி தொய்வதற்குக் காரணமும் அதுதான். ஆர்தரும் குவினவியரும் லான்சலாட்டும் வந்ததும் நமக்குத் தெரிந்த கதை ஓடத் தொடங்குகிறது. மாப் எப்போது வருவாள் என்று மனம் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு புரட்டலையும் சொல்ல வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் தாமஸ் மாலரி எழுதி, 1485இல் கேக்ஸ்டன் அச்சிட்ட நூலில் மெர்லினின் முடிவு கேவலமானது. கிழவர் நிம்யூ என்ற இளம்பெண்ணை விடாமல் துரத்துகிறார். அவளுக்குச் சலிப்பு, பயம். அவர் கற்றுக்கொடுத்த வித்தையாலேயே அவரை ஒரு பாறைக்கடியில் அடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பிரெஞ்சுக் கதைகளில் அவள் பெயர் விவியான்; இடம் பிரிட்டனி நாட்டு புரோசிலியாண்ட் காடு. ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் அவளை முழு வஞ்சகியாகவே பாடினார். படத்தில் இசபெல்லா ரோசெலினியின் நிம்யூ வோர்ட்டிகனால் டிராகனுக்குப் பலியாக நிறுத்தப்படுகிறாள், மெர்லின் மீட்கிறான், ஆனால் நெருப்பு அவள் முகத்தைச் சுட்டுவிடுகிறது. கடைசியில் குகைக்குள் அடைபடுவதும் அவள்தான். வெளியே நின்று தவிப்பவன் மெர்லின். பெண் வஞ்சித்தாள் என்ற பழைய பழியைப் படம் துடைத்துவிட்டது. துடைத்ததில் பாதிதான் நியாயம் என்பேன். பழைய நிம்யூ தன் விருப்பத்துக்குக் காரியம் செய்தவள். புதிய நிம்யூ காத்திருக்கிறாள், அவ்வளவே. கெட்டவளாகவாவது சுயமாக இயங்கும் உரிமை முழுவதும் மாபிடம் போய்விட்டது.

வரலாற்றுக்காரர்கள் இந்தப் படத்தோடு சண்டை போட இடம் இருக்கிறது. வோர்ட்டிகன் என்றொருவன் இருந்திருந்தால் அவன் காலம் 5ஆம் நூற்றாண்டு. அப்போது பிரிட்டனில் கிறித்தவம் புதிய வரவு அல்ல; 314இலேயே ஆர்ல் நகரத்துத் திருச்சபைக் கூட்டத்துக்கு பிரிட்டனிலிருந்து மூன்று ஆயர்கள் போயிருக்கிறார்கள். பழைய தெய்வங்களோடு வந்து இறங்கியவர்கள் சாக்சன்கள். அவர்களை மதம் மாற்ற ரோமிலிருந்து அகஸ்டின் வந்தது 597இல். நான்கு ஆண்டு கழித்து போப் கிரகரி ஒரு கடிதத்தில் தந்த யோசனை முக்கியமானது: கோயில்களை இடிக்காதீர்கள், சிலைகளை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் கட்டடங்களையே தேவாலயம் ஆக்குங்கள், அவர்களுடைய விருந்து நாள்களையும் விட்டுவைத்து நம் புனிதர்களின் நாள்களாக மாற்றுங்கள். பழைய தெய்வங்கள் போனது அப்படி. முழுதாகப் போகவும் இல்லை. ஆங்கிலத்தில் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் இன்றுவரை ஓடின், தோர் பெயரில்தான் இருக்கின்றன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தின் உச்சக்காட்சியைப் பாருங்கள். ஆர்தர் இறந்துவிட்டான். மாப் தன் முழு பலத்தோடு வந்து நிற்கிறாள். மெர்லின் மாயத்தால் மோதிப் பார்க்கிறான். அது தீராத சண்டை. அப்போது ஆயுதத்தைக் கீழே போடுகிறான். நாங்கள் உன்னை மறந்துவிடுகிறோம் என்று சொல்லித் திரும்பி நடக்கிறான். கூடியிருக்கும் மக்களும் ஒவ்வொருவராக முதுகைக் காட்டுகிறார்கள். மாப் கூப்பிடுகிறாள், கத்துகிறாள், என்னைப் பாருங்கள் என்று கெஞ்சும் நிலைக்கு வருகிறாள். யாரும் பார்க்கவில்லை. கரைந்துபோகிறாள்.

எவ்வளவு எளிய காட்சி! டிராகன் இல்லை, நெருப்பு இல்லை. மாயாஜாலப் படம் ஒன்று தன் உச்சத்தில் மாயாஜாலத்தையே கைவிடுகிறது. இதைப் போல ஒரு முடிவை எழுதத் துணிச்சல் வேண்டும். ஆனால் பார்க்கும்போது எனக்கு வெற்றி தெரியவில்லை. ஒரு கூட்டம் ஒருத்தியை ஊர்விலக்கு செய்வது தெரிகிறது. அவள் கொலைகாரி, ஒப்புக்கொள்கிறேன். அவள் தொடக்கத்தில் பயந்தது நடந்துவிட்டது, அவ்வளவுதான். அவளுக்கு வந்த தண்டனை அவள் செய்த கொலைகளுக்கு வரவில்லை. பழையவளாக இருந்ததற்கு வந்தது. படம் இந்த இடத்தில் நிற்கவே இல்லை. வேகமாக அடுத்த காட்சிக்கு ஓடிவிடுகிறது.

ஓடுகிற இடத்தில்தான் படம் தன்னைத் தானே மறுத்துக்கொள்கிறது. ராபர்ட்டின் கதையில் மெர்லின் சொல்லச் சொல்ல பிளேஸ் எழுதி வைக்கிறார். இந்தக் கதை உங்கள் கைக்கு வந்தது அப்படித்தான் என்கிறது ஏடு. படத்தில் எழுத்தர் இல்லை. கிழவனான மெர்லினே சந்தையில் நின்று கூடியவர்களுக்குக் கதை சொல்லிப் பிழைக்கிறான். என்ன கதை? மாபின் கதை. அவளை மறக்கச் சொல்லி ஜெயித்தவன், ஊர் ஊராகப் போய் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். திரைக்கதை எழுதியவர்கள் இதைக் கவனித்தார்களா என்று படத்தில் அடையாளம் இல்லை. கவனிக்காமல் எழுதியிருந்தாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

தயாரிப்பாளர்களுக்கும் அவளை மறக்க முடியவில்லை. 2006இல் 'மெர்லினின் சீடன்' என்ற தொடர்ச்சியை எடுத்தார்கள். சாம் நீல் திரும்பி வந்தார். கதைப்படி மாப் கரைந்துபோனவள், வர முடியாது. ஆனால் மிராண்டா ரிச்சர்ட்சன் வந்தார். முதல் படத்தில் நல்லவளாக, தண்ணீருக்குள்ளிருந்து வாள் கொடுத்தவளாக வந்த ஏரிச் சீமாட்டிதான் இந்த முறை மெர்லினுக்கு எதிராகச் சதி செய்கிறாள்.